ஷெட்டுக்கு நான் போட்ட அஸ்திவாரம்

ஜெர்மனியில் ஒரு வருடம் படிக்க இடம் கேட்டு விண்ணப்பித்தபோது நான் ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் வாயால் சொல்லவில்லை, வரைபடத்தில் கோடாகப் போட்டுச் சொன்னேன். வாயால் சொல்லியிருந்தால் ஏதோ வாய் தவறி வந்துவிட்டது என்று தப்பித்திருக்கலாம். கோடாகப் போட்டதால் எங்கள் அப்பா ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்க வேண்டியதாயிற்று.

அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஓர் ஒப்பந்தம். வருடத்துக்கு இரண்டு பேர் அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாம். அந்த முறை ஏழு பேர் விண்ணப்பித்தோம். மற்ற ஆறு பேரில் ஒருத்தியின் அப்பாவே ஆர்க்கிடெக்ட். ஒருவன் பள்ளி விடுமுறைக்கே ஐரோப்பா போய்வந்தவன், குளிர்கோட்டு ஏற்கனவே வைத்திருந்தான். நான் நெய்வேலியிலிருந்து சென்னைக்கு வந்ததையே வெளிநாட்டுப் பயணமாக நினைத்துக்கொண்டிருந்தவள். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு, அந்தக் குளிர்கோட்டைப் பார்த்தால் வயிறு எரிகிற அளவுக்கு வேண்டியிருந்தது.

அப்பா நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபோர்மேன். வெட்டிய மண்ணைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கிற பிரிவு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் வந்தவர். டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களோடும் பழகிப் பழகி அவர் பேச்சு தேய்ந்துபோயிருந்தாலும், கோபம் வந்தால் மட்டும் ஊர்த் தமிழ் முழுசாகத் திரும்பிவிடும். ஜெர்மனி என்றதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத மெஷின்கள் அங்கிருந்து வந்தவை.

"அவன் மெஷின முப்பது வருஷம் நான் பாத்துக்கிட்டேன். என் பிள்ளைய அவன் ஒரு வருஷம் பாத்துக்கிட மாட்டானா?" என்றார்.

சம்மதித்ததோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விண்ணப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குள் இருந்த முப்பது வருட சர்வீஸ் விழித்துக்கொண்டது. நான் ஏன் அங்கே படிக்க விரும்புகிறேன் என்று மனம் திறந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இதுல பொருள் எங்க? பார்வை எங்க?" என்று கேட்டார். மறுநாள் அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'பொருள்: ஓராண்டு அயல்நாட்டில் கல்வி பயில அனுமதி வேண்டுதல் தொடர்பாக' என்று ஆரம்பித்து, 'சமூகம் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்தது. இடது ஓரத்தில் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்று அடிக்கோடிட்டிருந்தது. மேலதிகாரி வழியாகப் போகாத காகிதம் எங்கேயும் போய்ச்சேராது என்பது அவர் நம்பிக்கை. அம்மாவுக்கு அவ்வளவு கூட எழுத வேண்டியிருக்கவில்லை. "ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டா உள்ளதச் சொல்லு. மெடிக்கலுக்கு மார்க் பத்தல" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

நான் இரண்டு பேரின் யோசனையையும் ஒதுக்கிவிட்டு, கல்லூரியில் நான் வடிவமைத்த விமான நிலையத்தையும் அருங்காட்சியகத்தையும் எடுத்து அடுக்கினேன். ஆனால் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வம்பு இருந்தது. 'நீங்கள் தினமும் புழங்கும் ஓர் இடத்தை நீங்களே அளந்து வரைந்து அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தார்கள். குளிர்கோட்டுக்காரன் அவன் தாத்தா கட்டிய நூறு ஜன்னல் வீட்டை வரைந்தான். எனக்கு என்ன இருக்கிறது? குவார்ட்டர்ஸ்தான்.

எங்கள் பிளாக்கில் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்து கழிவறைக்குப் போய்ச்சேரலாம். எல்லாம் ஒரே வீடு. பக்கத்து வீடு மட்டும் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அதைப் போய் எப்படி வரைவது? ஏற்கனவே யாரோ வரைந்துதானே ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள்.

மிச்சமிருந்தது பின்பக்கத்து ஷெட். ஆறு இரும்புக் குழாய்கள், மேலே தகர ஷீட், மூன்று பக்கம் இடுப்பளவுத் தடுப்பு. உண்மையில் நாங்கள் வாழ்ந்தது அங்கேதான். வீட்டுக்குள் இருந்த சமையலறையில் ஃபிரிட்ஜும் சாமியும் இருந்தன. அம்மா சமைத்தது ஷெட்டில். சாப்பிட்டது, துணி துவைத்தது, நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படித்தது, அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தது எல்லாம் அங்கேதான். அளந்தேன், வரைந்தேன். படம் அழகாகவே வந்தது.

பொய் சொன்னது அந்த இடத்தில்தான். எங்கள் படிப்பில் ஒரு கட்டடத்தை நெடுக வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு படம் வரைய வேண்டும். அதில் அஸ்திவாரம் இல்லாவிட்டால் முதல் வருடத்திலேயே தாளைத் தூக்கி எறிவார்கள். பழக்கத்தில் என் கை ஆறு குழாய்களுக்கும் கீழே ஆறு கான்கிரீட் அஸ்திவாரங்களைப் போட்டுவிட்டது. நாலடி ஆழம். பழக்கம் என்று சொன்னது பாதிதான். மீதிப் பாதி வெட்கம். தகரக் கொட்டகையை ஜெர்மனிக்கு அனுப்பக் கூசியது. கான்கிரீட்டின் மேல் நிறுத்தியதும் அதற்குக் கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி இருந்தது.

நிஜத்தில் அந்த ஷெட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது. இருக்கவும் கூடாது. குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, நாம் குடியிருக்கிறோம், அவ்வளவுதான். பின்பக்கம் யாரும் எதையும் கட்டக்கூடாது என்பது விதி. யாரும் எதையும் கட்டாமல் இருந்ததில்லை என்பது வழக்கம். எப்போதாவது குவார்ட்டர்ஸைக் கவனிக்கிற எஸ்டேட் ஆபீஸிலிருந்து பார்வையிட வருவார்கள். வருகிற சேதி அவர்கள் வருவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிடும். "எஸ்டேட் வராங்க" என்று ஒரு குரல். அடுத்த அரைமணியில் தெரு முழுக்க ஷெட்டுகள் படுத்துவிடும். அவர்கள் போன மறுநாள் எல்லாம் எழுந்து நிற்கும். வந்தவர்களும் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள்தான். அவர்கள் வீட்டிலும் அதே நேரம் ஷெட் படுத்திருக்கும்.

எங்கள் ஷெட்தான் பிளாக்கிலேயே வேகமாகப் படுக்கிற ஷெட் என்று பேர். சிறுவயதிலிருந்தே பார்த்ததால் அதில் வரைவதற்கு ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

விண்ணப்பம் அனுப்பி ஒரு மாதத்தில் மெயில் வந்தது. ஏழு பேரில் நான்கு பேரை இணையவழி நேர்காணலுக்கு எடுத்திருந்தார்கள். நான் உண்டு. குளிர்கோட்டும் உண்டு. நீங்கள் வரைந்த இடத்தை நேரில் காட்டும்படி கேட்கலாம், முடிந்தால் அங்கேயிருந்தே பேசுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அதனால் இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் மெயிலைப் படித்துக் காட்டினேன். இடத்தைப் பார்ப்பார்கள் என்ற வரியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன படம் அனுப்புன? காட்டு."

லேப்டாப்பில் காட்டினேன். மேலேயிருந்து மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தவர் தரைக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏட்டி, இது என்னது?"

"அஸ்திவாரம்ப்பா."

"நான் எப்பம்டி அஸ்திவாரம் போட்டேன்?"

"சும்மா படத்துக்குப்பா. அது இல்லன்னா மார்க் போட மாட்டாங்க."

"மார்க்குக்காக என்னைய மாட்டி விடுவியா? தகரம் போட்டா அது டெம்ப்ரவரி. கான்கிரீட் போட்டா பெர்மனென்ட். பெர்மனென்ட்னா ஆக்கிரமிப்பு! ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. வீட்டு நம்பரோட படம் போட்டு, கீழ நாலடின்னு அளவும் போட்டு அனுப்பியிருக்க!"

"அவங்க ஜெர்மனியில இருக்காங்கப்பா."

"இருக்கட்டும். எல்லாம் மெயில்தான? எஸ்டேட்டுக்கு ஒரு ஃபார்வர்டு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் என் பாஸ்போர்ட்டுக்கு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். காகிதம் என்று ஒன்று போனால் ஆள் என்று ஒருவர் வருவார். இதுதான் அப்பா கண்ட உலகம். அது தெரிந்தும் நான் சிரித்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நேர்காணல் மதியம் இரண்டரைக்கு. அன்று அப்பா லீவு போட்டிருந்தார். எனக்குத் துணையாக இருக்கத்தான் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். காலையில் படங்களைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கப் பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பம் போனேன். அங்கே கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது மெஷினில் தாள் இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில் கரண்ட் இல்லை என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள். ஒருவழியாக முடித்துக்கொண்டு வீடு திரும்ப ஒன்றரை ஆகிவிட்டது. பின்பக்கம் போனேன்.

ஷெட் இல்லை.

வெறும் மண் தரை. தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தது. நட்டநடுவில் துளசித் தொட்டி. அதைச் சுற்றி, மதியம் ஒன்றரை மணிக்கு, வீட்டின் பின்பக்கத்தில், ஒரு பெரிய கோலம். தடயத்தை மறைப்பதற்காக அப்பாதான் அம்மாவைப் போட வைத்திருக்கிறார். அம்மா உள்ளே சாமி அறையும் ஃபிரிட்ஜ் அறையுமாக இருந்த சமையலறையில் நின்றுகொண்டு, "கரண்டி எங்கன்னு தெரியல, புளி எங்கன்னு தெரியல. இவ ஜெர்மனி போறதுக்கு நான் ரசம் வைக்க முடியாம நிக்கேன்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் கடமை முடிந்த நிம்மதி.

"இப்பம் எவன் வேணும்னாலும் வந்து பாக்கட்டும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவங்க பாக்க வர்றதே ஷெட்டத்தாம்ப்பா! அது இல்லன்னா நான் என்னத்தக் காட்டுறது? என் இடமே போச்சுப்பா!"

"ஒன் இடமும் போகாது. என் ரிட்டையர்மென்ட்டும் போகாது. கேட்டா, பழைய படம், இப்பம் எடுத்தாச்சுன்னு சொல்லிரு."

கத்தினேன், அழுதேன், கெஞ்சினேன். அவர் அசையவில்லை. குழாய்களும் ஷீட்டுகளும் பக்கத்து வீட்டுப் பலாமரத்தடியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். அவர்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். ஷெட்டைப் பிரிக்க உதவியவரும் அவர்தான் என்பது அவர் தலையிலிருந்த ஒட்டடையில் தெரிந்தது.

இரண்டரை மணிக்கு போனில் இரண்டு முகங்கள் வந்தன. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பேராசிரியை, காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞர். என் விமான நிலையத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். அருங்காட்சியகத்தைப் பற்றி அதுகூடக் கேட்கவில்லை. பேராசிரியை கொட்டாவியை மறைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு, "அந்த வீட்டுப் பின்பக்கத்துக் கட்டடம். அதைப் பார்க்கலாமா?" என்றார். ஆங்கிலத்தில்தான்.

போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். திரையில் துளசித் தொட்டியும் கோலமும் அப்பாவும் வந்தார்கள். அப்பா விறைப்பாக நின்றார்.

"குட் ஆஃப்டர்நூன் சார். குட் ஆஃப்டர்நூன் மேடம். நோ என்க்ரோச்மென்ட், சார். ஆல் கிளியர்."

அங்கே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கட்டடம் எங்கே?" என்றார் இளைஞர்.

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. புயலில் போய்விட்டது என்றிருக்கலாம். கடலூர் மாவட்டத்தில் அது யாரும் நம்பக்கூடிய பொய்தான். ஆனால் முதல் பொய்க்கே ஷெட் போயிருந்தது.

"அப்பா எடுத்துவிட்டார்."

"எப்போது?"

"இன்று காலையில்."

"இடித்துவிட்டாரா?"

அந்த ஆங்கிலச் சொல் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த மறுகணம் முகம் சிவந்தது. எஸ்டேட் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. போனுக்கு நேராக வந்து நின்றார்.

"நோ டெமாலிஷ், மேடம். டிஸ்மேன்ட்டில். டிஸ்மேன்ட்டில் வேற, டெமாலிஷ் வேற." பாதியில் ஆங்கிலம் தீர்ந்துபோக என் பக்கம் திரும்பினார். "சொல்லு. இடிக்கத் தெரியாதவன் இடிப்பான். நான் கன்வேயர்காரன். மண்ணு வெட்ட வெட்ட மெஷின் முன்னால போகும், அது பின்னாலேயே நாங்க மொத்த கன்வேயரையும் கழட்டித் தள்ளி மாட்டிக்கிட்டே போவோம். ஒரு போல்ட்டு மிஞ்சாது, ஒரு போல்ட்டு குறையாது. சொல்லு."

சொன்னேன். இளைஞர் வேறு திரையில் என் படத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆனால் நான்கடி கான்கிரீட் அஸ்திவாரம் இருக்கிறதே? அதை எப்படிக் கழற்றினார்?" என்று கேட்டார்.

தப்பிக்க வழியே இல்லை. "அது கிடையாது. நான் கற்பனையில் போட்டது. அஸ்திவாரம் இல்லாமல் அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது" என்றேன். சொல்லிவிட்டு, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். குளிர்கோட்டு விமானத்தில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

பேராசிரியை திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். கொட்டாவி போயிருந்தது. "அப்படியென்றால் எதன் மேல் நின்றது?"

அப்பாவிடம் கேட்டேன். அவர் கோலத்தை மிதிக்காமல் ஓர் ஓரமாகப் போய்க் குனிந்து, மண்ணை விரலால் விலக்கினார். உள்ளே ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்திருந்தது. அதை எடுத்தால், தரையோடு தரையாகப் புதைத்த ஒரு பெரிய குழாயின் வாய். ஷெட்டின் குழாய் அதற்குள் இறங்கி நிற்கும். ஷெட்டைக் கழற்றினால் சிரட்டையால் மூடி மேலே மண்ணைத் தள்ளிவிடலாம். சிறுவயதில் ஷெட் படுத்திருக்கும் நாட்களில் அந்தச் சிரட்டைகளின் மேல்தான் நான் பாண்டி விளையாடியிருக்கிறேன். படத்தில் ஒன்றைக்கூடப் போடவில்லை.

"திரும்பப் போட எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள்" என்றார் பேராசிரியை.

கேட்டேன். அப்பா என்னைத் தள்ளி நிறுத்தி, போனுக்குக் கேட்காதபடி, "கேஸ் கீஸ் ஒண்ணும் வராதுல்ல?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா தார்ப்பாயை இழுத்துவிட்டார். "போடுங்கண்ணே! அவ்ளோ தூரத்துலேர்ந்து பாக்கணும்னு கேக்கறாங்க. நான் கூட இருக்கேன். பாப்பா எடத்த நாம கெடுத்தோம்னு இருக்க வாணாம்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இஸ்திரிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "ட்வென்ட்டி ஃபைவ் மினிட்ஸ், மேடம். மேன்பவர் த்ரீ" என்றார். மூன்றாவது ஆள் நான்.

போன் அம்மாவின் கைக்குப் போனது. ஜெர்மனிக்காரர்கள் முதல் ஐந்து நிமிடம் பார்த்தது பெரும்பாலும் அம்மாவின் கட்டைவிரலைத்தான். பிறகு விரலை எடுத்துவிட்டு, "சாப்ட்டீங்களா?" என்று அவர்களிடம் தமிழில் விசாரித்தாள். அவர்கள் சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ரசம் வைக்க முடியாத கதையை முழுவதும் சொன்னாள்.

நாங்கள் வேலியைத் தாண்டிக் குழாய்களைக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் எழுத்தும் எண்ணும் இருந்தன. அப்பா "பி ஃபோர்!" என்றால் மாமா பி ஃபோரைக் கொண்டுவந்து குழிக்குள் இறக்குவார். "சி டூ! கிளாம்ப்!" என்றால் நான் ஓடுவேன். வீட்டில் வாய் திறந்து இத்தனை வார்த்தை பேசாத அப்பா, சுரங்கத்தில் எப்படிக் கத்துவார் என்பதை அன்றுதான் கேட்டேன். ஒரு தடவை நான் குழாய்களை இணைக்கிற கிளாம்ப்பைத் தலைகீழாக மாட்டினேன். "நாலு வருஷம் என்னதாம்ட்டி படிச்ச?" என்று கேட்டுவிட்டு அவரே திருப்பி மாட்டினார். நியாயமான கேள்விதான்.

பாதி வேலையில் பேராசிரியை, இப்படி அடிக்கடி பிரிப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் மாமா சிரித்தார்.

"எங்க ஊரையே பிரிச்சி எடுத்துகினு வந்தவங்க நாங்க. இது இன்னா, ஆறு பைப்பு."

ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஊர் எங்கே இருக்கிறது என்று பேராசிரியை கேட்டார். மாமா ஸ்பேனரால் சுரங்கம் இருக்கிற திசையைக் காட்டினார். "அந்தாண்ட இருந்துச்சி. இப்ப பள்ளந்தான் இருக்கு."

"எங்கள் பகுதியிலும் இதே நிலக்கரிக்காக ஊர்களை எடுத்திருக்கிறார்கள்" என்றார் பேராசிரியை.

மாமா போல்ட்டை முறுக்குவதை நிறுத்திவிட்டார். "அங்கயுமா? அவங்க வூட்டுக்கெல்லாம் வேல குடுத்தாங்களாமா, கேளு பாப்பா."

கேட்டேன். "சிலருக்கு" என்றார் அவர்.

"இங்கயும் அதான்" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி முறுக்கத் தொடங்கினார். எனக்கு என்னவோ போலிருந்தது. பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவர் ஊரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடைசி ஷீட் மேலே ஏறியபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அம்மா போனை என்னிடம் திணித்துவிட்டு முதல் வேலையாக அடுப்பைத் தூக்கிவந்து வைத்தாள். அப்பா வியர்வையோடு நின்று, "ஒர்க் கம்ப்ளீட்டட், மேடம். த்ரீ மினிட்ஸ் பிஃபோர்" என்றார். இளைஞர் கைதட்டினார். அடுத்த ஆளை அத்தனை நேரம் காக்க வைத்துவிட்டோம் என்று பேராசிரியை அவசரமாக விடைபெற்றார். காத்திருந்தது குளிர்கோட்டுதான் என்று பின்னால் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் வராந்தாவில் குதித்த குதியில் செருப்பு அறுந்தது. இன்னொரு இடம் குளிர்கோட்டுக்கு. கூடவே ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் படத்தைத் திரும்ப வரைய வேண்டும், இல்லாத அஸ்திவாரத்தை எடுத்துவிட்டு, இருக்கிற இணைப்புகளைப் போட வேண்டும், வடிவமைத்தவர் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ஊருக்குப் போய் ஒரு வாரம் அப்பாவோடு உட்கார்ந்து வரைந்தேன். எழுத்தும் எண்ணும், கிளாம்ப், சிரட்டை, எதையும் விடவில்லை. புதைத்த குழாயை அஸ்திவாரம் என்று சொல்லலாமே என்றேன். "அதெல்லாம் வேண்டாம். அது வெறும் குழா" என்றார். குழாய்களைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பில்லையும் படத்தோடு இணைக்கச் சொன்னார். கஷ்டப்பட்டுத் தவிர்த்தேன். கடைசியில் தாளின் மூலையில் 'வடிவமைப்பு' என்று ஒரு கட்டம். அப்பா பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு வேண்டாம். இன்னும் சர்வீஸ்ல இருக்கேன்."

என்ன சொல்லியும் கேட்கவில்லை. கட்டம் காலியாகவே ஜெர்மனிக்குப் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படத்தைத் தாழ்வாரச் சுவரில் மாட்டியிருந்தார்கள். என் விமான நிலையத்தை யாரும் மாட்டவில்லை. ஒருநாள் பேராசிரியை காலிக் கட்டத்தைக் காட்டி ஏன் என்று கேட்டார். "அவர் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை" என்றேன். அவர் மிகவும் சீரியஸாகத் தலையாட்டிக்கொண்டார். என்ன புரிந்ததோ, அப்புறம் கேட்கவேயில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை, அந்தத் தாழ்வாரம் வழியாக வகுப்புக்குப் போகும்போது வீடியோ கால். அப்பா. பின்னால் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. அதன்மேல் மஞ்சள் எண் போட்ட குழாய்களும் ஷீட்டுகளும் கட்டப்பட்டிருந்தன. முன்சீட்டில் அம்மா, மடியில் அடுப்போடு. முந்தின வாரம்தான் அவர் ஓய்வு பெற்றிருந்தார். அன்று குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே பின்பக்கம் இடம் இருக்கிறதாம். அளந்து பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தாராம்.

"எஸ்டேட்லேர்ந்து வந்து பாத்துட்டாங்க. பின்பக்கம் காலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. புதைச்ச குழாயெல்லாம் புடுங்கியாச்சு. ஒரு சிரட்டைகூட விட்டு வைக்கல." வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "அந்தப் படம் இன்னும் அங்கதான் மாட்டியிருக்கா?"

"இருக்குப்பா. இப்ப அது முன்னாடிதான் நிக்கிறேன்."

"பேரப் போட்டுக்க."

பையிலிருந்து பேனாவை எடுத்துப் போனில் காட்டினேன். அவர் பார்க்கப் பார்க்க எழுதினேன்.

"இனிஷியல் முன்னால போடு. கீழ பக்கத்து வீட்டுத் தம்பி பேரையும் போடு, அவன் இல்லாம இருபத்திரண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்காது. போட்டியா?"

"போட்டேன்ப்பா."

"என் பேருக்குப் பின்னால ரிட்டையர்டுன்னு எழுது. பெருசா எழுது. அப்பந்தான் எவனும் கேள்வி கேக்க முடியாது."